பிரவீணா போட்ட கமெண்ட்

வில்லியனூர் மார்க்கெட்டில் ஏகநாதன் பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிற வேலை அவர் மகள் பிரவீணாவுடையது. கல்யாணச் சீருக்கு வாங்கும் குடமோ அண்டாவோ, யார் பேர், இன்ஷியல் என்ன என்று இரண்டு தடவை கேட்காமல் மிஷினைத் தொடமாட்டாள். அன்று ஒரு தவலையை மடியில் சாய்த்து வெட்டிக்கொண்டிருந்தபோது எதிர்ச்சாரி வளையல் கடை ரஹீமா, கடையை அப்படியே போட்டுவிட்டு செல்போனும் கையுமாக வந்தாள்.

"இன்னா பிரவீணா, உங்கண்ணன் எழுதனதுக்கு நீயே அருமைன்னு போட்டுகிற? எனக்கு மனசே ஆறலடி."

"நான் எங்கக்கா போட்டேன்? ஃபேஸ்புக் பக்கம் போயே வருஷக்கணக்கா ஆவுது."

"அப்ப இது யாரு?"

அண்ணன் நவநீதன் எழுதிய கதை. அதற்குக் கீழே முதல் கமெண்டாக அவளுடைய காலேஜ் காலத்துப் போட்டோ, அவளுடைய பேர். 'அழுதுட்டேன் அண்ணா. என் வாழ்க்கையை அப்படியே எழுதிட்டே. நீ எவ்ளோ பெரிய எழுத்தாளன்!'

பிரவீணா தவலையைக் கீழே வைத்துவிட்டுக் கதையைப் படித்தாள். மதகடிப்பட்டில் பெயின்ட் கடைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்ட ஒருத்தி. புருஷன் கடையில் ஆள்கள் முன்னால் கை நீட்டுகிறான். அவள் தூங்கும் குழந்தையை வீட்டில் போட்டுவிட்டு விழுப்புரம் பஸ் ஏறிப் போய்விடுகிறாள். இருட்டிய பிறகு திரும்பி வந்தால், குழந்தை கத்திக் கத்தித் தொண்டை கட்டிக் கிடக்கிறது. பேரை மட்டும் பிரமிளா என்று மாற்றியிருந்தான், பெரிய மனசு.

அந்த விஷயத்தை அவள் சொன்னது அண்ணன் ஒருத்தனிடம் மட்டும்தான். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த அன்று, அம்மாவுக்குக்கூடத் தெரியாமல், நெஞ்சு தாங்காமல் சொன்னாள். உண்மையில் அந்த பஸ் கிளம்பவே இல்லை. ஏறி உட்கார்ந்தவள், டிரைவர் வருவதற்குள் இறங்கி ஓடி வந்துவிட்டாள். குழந்தை மித்ரா புரண்டுகூடப் படுக்கவில்லை. இவன் அவளை விழுப்புரம் வரைக்கும் அனுப்பிவைத்திருக்கிறான், டிக்கெட் எடுத்துக் கொடுத்தவன் மாதிரி.

மித்ரா யாரிடம் வளர்வது என்ற வழக்கு கோர்ட்டில் இருக்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் என்று புருஷன் அரிகரன் தரப்பு சொல்லிக்கொண்டிருக்கிறது. சாட்சிதான் கிடைக்காமல் இருந்தது. இப்போது அவள் பேரிலேயே ஒரு சாட்சி. ஊரார் பேரையெல்லாம் கேட்டுக் கேட்டு வெட்டுகிறவளின் பேரை, வீட்டில் இருக்கிறவனே ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்திருக்கிறான்.

பின்கட்டு குடோனில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நவநீதன் உட்கார்ந்திருந்தான். போனைக் கட்டை விரலால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். முகம் மாப்பிள்ளை முகமாக மலர்ந்திருந்தது.

"பாத்தியா? லைக் ஆயிரத்தைத் தாண்டிடுச்சு. மெட்ராஸ்ல பத்திரிகை ஆசிரியர் ஒருத்தரு ஷேர் பண்ணிக்கிறாரு."

"என் பேர்ல யாருண்ணா கமெண்ட் போட்டது?"

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். "அது... நீ காலேஜ் படிக்கறப்ப நான்தானே உனக்கு ஐடி ஓபன் பண்ணிக் கொடுத்தேன். பாஸ்வேர்டு என்கிட்ட இருந்துச்சு."

கேட்கக் கேட்க எல்லாம் வெளியே வந்தது. எழுதுகிறவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸப் குரூப் வைத்திருக்கிறார்கள். ஒருத்தர் கதை போட்டால் மற்றவர்கள் உடனே போய் ஹார்ட் போட்டு, 'செம சகோ' என்று எழுத வேண்டும். மொய் மாதிரிதான், வைத்தால்தான் திரும்பி வரும். மொய் குறைகிற நாளில் நவநீதன் அப்பா பேரிலும் அம்மா பேரிலும் தங்கச்சி பேரிலும் தானே போட்டுக்கொள்வான். எஸ்.எம்.எஸ். படிக்கவே மகளைக் கூப்பிடுகிற ஏகநாதன், மகனுடைய கதைகளை 'உலகத்தரம்' என்று பல வருஷமாகப் பாராட்டிக்கொண்டிருக்கிறாராம்.

"வெக்கமா இல்ல உனக்கு?"

"உனக்கு இன்னா தெரியும்? ஒரு கதைய எழுதிப் போட்டுட்டு, யாராச்சும் பார்ப்பாங்களான்னு உட்கார்ந்துகினு இருக்கறது எப்படி இருக்கும்னு தெரியுமா? நான் எழுதறது குப்பையா நல்லதான்னு எனக்கே தெரியலடி. யாருனா சொன்னாத்தான் தெரியுது."

"அதுக்கு என் பொண்ணுதான் கிடைச்சாளா? முதல்ல அதை அழி."

"சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும். இப்பத்தான் ஓடுது. அழிச்சா அவ்ளோ கமெண்டும் போயிடும்."

அவள் பதில் சொல்வதற்குள் அவளுடைய போன் அதிர்ந்தது. அரிகரன். கதையையும் கமெண்டையும் படம் பிடித்து அனுப்பியிருந்தான். கூடவே ஒரு வரி. 'நீயே ஒத்துகினே. வக்கீலுக்கு அனுப்பிட்டேன்.'

நவநீதன் அதைப் படித்தான். முகம் வெளுத்துவிட்டது. பாவம் என்று சொல்ல வாய் வரவில்லை பிரவீணாவுக்கு.

"இனிமே அழிச்சும் பிரயோஜனம் இல்ல," என்றாள். "தங்கச்சி பேர்ல கமெண்ட் போட்டது நான்தான்னு, எல்லாருக்கும் தெரியற மாதிரி நீ எழுது. வக்கீல் ஆபீசுக்கும் வந்து சொல்லு."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"ஆசிரியர் பாக்கறாரு பிரவீணா. குரூப்புல எல்லாரும் பாக்கறாங்க. எனக்கு நானே போட்டுகினேன்னு எழுதினா, அப்புறம் எவனாச்சும் என்னை மதிப்பானா?" பிறகு சட்டென்று வழி கண்டுபிடித்தவன்போல் நிமிர்ந்தான். "ஒன்னு பண்ணலாம். கதை வெறும் கற்பனைன்னு உன் ஐடியிலிருந்தே போட்டுடறேன். வேலை முடிஞ்சுது."

வேண்டாம் என்பதற்குள் தட்டி அனுப்பிவிட்டு, போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். 'இது முழுக்கக் கற்பனைக் கதை. என் வாழ்க்கை இல்லை. ஆனா நிஜம் மாதிரியே எழுதி இருக்கே அண்ணா, உன்னாலதான் முடியும்!'

பிரவீணா அதை முழுசாகப் படித்தாள். தங்கச்சி குடும்பம் கோர்ட்டில் நிற்கிறது, பிள்ளை கையை விட்டுப் போகப் பார்க்கிறது. அந்த நேரத்திலும் தன் முதுகில் தானே ஒரு தட்டு தட்டிக்கொள்ளாமல் அவனால் இருக்க முடியவில்லை.

"டேய்!"

பிறந்ததிலிருந்து அண்ணா என்பதைத் தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை அவள். அவன் திடுக்கிட்டு நிமிர்ந்த நேரத்தில் போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவன் எழுந்து வந்தான். "கிட்ட வந்தீன்னா அப்பாவைக் கூப்பிடுவேன். அவரு போட்ட கமெண்ட்டெல்லாம் அவருக்கே படிச்சுக் காட்டுவேன்," என்றாள். அவன் நின்றுவிட்டான்.

அவனுடைய பேரில், அவனுடைய பக்கத்தில், அவனைக் கேட்காமல் எழுதினாள். 'என் கதைகளுக்குக் கீழே என் அப்பா, அம்மா, தங்கச்சி பேரில் வந்த பாராட்டு எல்லாம் நானே போட்டுக்கொண்டது. அவர்களுக்கு எதுவும் தெரியாது. என் தங்கச்சி தன் குழந்தையை விட்டு எங்கும் போனதில்லை. அதை நான் இட்டுக்கட்டினேன்.' கடைசி வார்த்தையைச் சரிபார்த்து அனுப்பினாள். அதைப் படம் பிடித்துத் தன் போனுக்கும் அனுப்பிக்கொண்டாள். பிறகுதான் கதையை அழித்தாள்.

உடனே போன் கிணுகிணுக்க ஆரம்பித்தது. சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி வந்தன. 'செம சகோ' என்று எழுதியவர்களேதான். 'குரூப்பிலிருந்து நீக்கப்பட்டீர்கள்' என்றும் ஒன்று வந்தது. அவள் போனைப் பெட்டிமேல் வைத்தாள்.

"நாளைக்கு என்கூட வக்கீல் ஆபீசுக்கு வர்றே. இதையே வாயால சொல்றே."

அவன் தலையாட்டினான். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. அவள் அடிபட்டுத் திரும்பி வந்த அன்று இந்தக் கண்ணில் ஒரு சொட்டு வந்ததில்லை. அன்று அவன் கேட்டது ஒன்றுதான், அப்புறம் என்ன ஆச்சு, அப்புறம் என்ன ஆச்சு என்று.

வாசலுக்குத் திரும்பியவளை அவன் கூப்பிட்டான்.

"பிரவீணா, நீ முழுசாப் படிச்சியா?"

"படிச்சேன்."

"நல்லா இருந்துச்சா?"

நன்றாகத்தான் இருந்தது. குழந்தையின் கட்டிப்போன தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது என்று எழுதியிருந்த இடத்தில், நடக்கவே நடக்காத அந்த இடத்தில், நடுக்கடையில் உட்கார்ந்து படித்த அவளுக்கு மூச்சு அடைத்துப்போனது. அவன் இத்தனை வருஷம் ஏங்கிக் கிடந்தது அந்த ஒரு சொல்லுக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லக்கூடியவள் இந்த வீட்டில் தான் ஒருத்திதான் என்றும் தெரியும்.

"இல்ல," என்றாள். "நல்லாவே இல்ல."