விரல்கள் அறிந்த பட்டறை

கண் போன பிறகு ஒரு மனிதன் கேட்கிற வரமா இது? ரேடியோ கேட்டிருக்கலாம். சாய்வு நாற்காலி கேட்டிருக்கலாம். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் கேட்டதோ, மரவேலைப் பட்டறை! கண்ணழுத்த நோய் இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டதும் காரை விற்றார்கள், கார் ஷெட் காலியாகக் கிடந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நாற்காலிக் கடையில் உளி பிடித்தவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக இப்போதா?

தெருவே டீச்சர் என்று கூப்பிடும் அவர் மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"ஏங்க, இப்ப உங்களுக்குக் கண்ணே அந்த விரலுங்கதான். அதையும் வெட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"வெட்டிக்கிட்டா அப்ப கேளு, டீச்சர்."

"வெட்டினப்புறம் கேட்டு என்ன ஆகப்போகுது!"

மனிதர் அசையவில்லை. "மாமா பிடிச்சா உடும்புப் பிடிதான்க்கா" என்று சிரித்துக்கொண்டே டீச்சரின் தம்பி ஒரு கனத்த மேஜையையும், பலகையைக் கவ்விப் பிடிக்கிற வைஸையும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். மற்றதெல்லாம் டிரைவரே செய்தார். சுவரைத் தடவித் தடவி ஆணி அடித்தார். ஒவ்வொரு ஆணிக்கும் முன்னால் வைஸ் எதிரே நின்று கையை வீசிப் பார்ப்பார், பிறகு அரை விரற்கடை தள்ளி அடிப்பார். அடித்து முடித்ததைப் பார்த்தால் கோணல்மாணல்: சுத்திக்குப் பக்கத்தில் பசை டப்பா, அதற்குக் கீழே ரம்பம், இரண்டு உளிக்கு நடுவே வெறும் சுவர்.

வேலை தொடங்கிய நாளிலிருந்து டீச்சர் பூனை மாதிரி உள்ளே போய், வைஸுக்கு இடப்பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். காவலாம்! விரல் வழுக்கினால் பாய்ந்து பிடித்துவிடலாம் என்று எண்ணம்.

ஆனால் அங்கே நடந்ததைப் பார்த்தால் காவலாவது ஒன்றாவது. வாயில் ஈ புகுவது தெரியாமல் நின்றாள். டிரைவர் முதலில் பலகையை மோந்து பார்ப்பார். இழைப்புளியை ஒரு தள்ளு தள்ளி, நிறுத்தி, "இந்தா, கணு வருது" என்று தனக்குத்தானே சொல்வார். கணு இன்னும் ஒரு சாண் தள்ளி இருக்கும்! மரத்தின் சத்தம் மாறியதாம். கறுத்து அழுக்கேறிய பழைய கதவுப் பலகை அவர் கைக்கு அடியில் தோலுரிந்து தேன் நிறத்தில் வெளியே வரும், வரி வரியாக அலை ஓடும். அதைப் பார்க்கிற கண் அவளுக்கு இருந்தது, அதை வெளியே கொண்டுவருகிற கை அவருக்கு. இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்த மனுஷனுக்குள் இப்படி ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாரா என்று அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயம் மட்டும் போகவில்லை.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானது ஒரு மத்தியானம். அவர் தூங்கும்போது டீச்சர் பட்டறையைப் பெருக்கினாள். பெருக்கியதோடு விட்டிருக்கலாம். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்திய கை சும்மா இருக்குமா? சின்னது முன்னால், பெரியது பின்னால் என்று அத்தனை சாமானையும் மாற்றி மாட்டிவிட்டாள். பார்க்க அத்தனை அழகு.

சாயங்காலம் டிரைவர் பலகையின் மூலை நேரா என்று பார்க்கிற மூலைமட்டத்துக்காகக் கையை நீட்டினார். அங்கே அகல உளியின் கூர் இருந்தது.

ஆள்காட்டி விரலில் ரத்தம். நல்லவேளை, ஆழமில்லை. டீச்சர் அழுதுகொண்டே துணியைச் சுற்றினாள்.

"பாவி நான்! எதுக்குப் பயந்தேனோ அதை நானே பண்ணிட்டேனே. மூடிடலாங்க இதை."

"மூடலாம். முதல்ல நான் சொல்லச் சொல்ல எல்லாத்தையும் பழையபடி மாட்டு."

மாட்டினாள்.

"இப்ப கண்ணை மூடிக்கிட்டு வைஸ் முன்னாடி நில்லு. சுத்தி எடு."

கையைத் தூக்கினாள். அவர் பின்னாலிருந்து அவள் முழங்கையைத் தன் உயரத்துக்குக் கொஞ்சம் தூக்கிவிட்டார். சுத்தியின் பிடி உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்தது. மூலைமட்டம் என்றார், கை போன வழியிலேயே இருந்தது. உளி என்றார், பிடி மட்டும்தான் விரலில் பட்டது, கூர் எட்டாத பக்கம் திரும்பியிருந்தது. அம்மாடி! கோணல்மாணல் என்று அவள் நினைத்த சுவர் முழுக்க ஒரு மனிதனுடைய கையின் அளவு. மூடிய கண்ணுக்குள் அந்த ஷெட் பட்டப்பகலாகத் தெரிந்தது.

பிறகு இடக்கையை நீட்டினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. இன்னும் நீட்டினாள். வெறும் காற்று.

"இங்க ஏன் ஒண்ணுமே வைக்கல?"

"அது நீ நிக்கற இடம்."

டீச்சர் நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"மூச்சைப் பிடிச்சிக்கிட்டு நிக்கறவங்க விடும்போது சத்தமா விடுவாங்க" என்று சிரித்தார் டிரைவர். "பலகையைத் திருப்பறப்போ உன்மேல இடிச்சிடுமோன்னு பயந்துக்கிட்டேதான் இத்தனை நாளும் வேலை பாத்தேன்."

மேஜைமேல் கிடந்த பலகையைக் கைநீட்டித் தொட்டார். பிறகு, எதற்கும் அவளிடம் சம்மதம் கேட்டுப் பழகாத அந்த மனுஷன் கேட்டார்:

"பலகை வைக்க இடம் பத்தல. இனிமே அங்க வச்சுக்கட்டுமா?"

டீச்சர் கண்ணைத் திறந்தாள். துணி சுற்றிய விரல் அதற்குள் பலகையின் வரியைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. பயம் போய்விட்டதா என்றால், எங்கே போகும், அப்படியேதான் இருந்தது.

"வச்சுக்கங்க" என்றாள்.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே ரம்பம் ஓடத் தொடங்கியது. அவள் மறுபடி உள்ளே போகவில்லை.