வரிசை கலையாமல்

வெங்காய மூட்டையின் வலையைக் கத்தரித்து, கைத்தடியின் வளைந்த பிடிமேல் இழுத்துச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டினார் தச்சர். பிறகு முனை மழுக்கிய ஆணியை வலையின் ஒரு கண்ணில் வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு. அடுத்த கண், அடுத்த தட்டு. காலமெல்லாம் நாற்காலிக் கைகளை இழைத்து இழைத்து வழவழப்பாக்கிய மனிதர், இப்போது வழவழப்பான ஒன்றைச் சொரசொரப்பாக்க உட்கார்ந்திருந்தார். தலையெழுத்து என்று வேறு எதைச் சொல்வது?

தடி அவர் மனைவிக்கு. சர்க்கரை வியாதி அவளுடைய கைகால் நரம்புகளைச் சத்தமில்லாமல் தின்றுவிட்டிருந்தது. போன வருஷம் அடுப்பிலிருந்து சட்டியை இடது கையால் இறக்கி, பிடித்த பிடியிலேயே மகளோடு பேசிக்கொண்டு நின்றாள். தீய்கிற வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தாள். அந்தக் கையில் இப்போது கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் பாக்கி. "இனிமே யாரும் என்னைச் சமைக்கச் சொல்ல முடியாதுல்ல" என்று பார்க்க வருகிறவர்களிடம் சிரிப்பாள். இவளுக்கு வாய் மட்டும்தான் மரத்துப்போகவில்லை என்பார் தச்சர்.

மிச்சமிருப்பது வலது கை. அதிலும் உணர்ச்சி கிடையாது. புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். "இந்தக் கையில சின்னப் புண்ணு வந்தாலும் ஆறாது. அப்புறம் இதையும் எடுக்க வேண்டி வரும். பாத்துக்குங்க."

தடி இல்லாமல் அவளால் நடக்க முடியாது. வழவழப்பான பிடி வியர்வையில் நழுவ, வாசற்படியில் விழுந்தாள். துணி சுற்றிக் கொடுத்தார். துணியின் மடிப்பு உள்ளங்கையில் சிவப்பாகக் கோடு போட்டது. ரப்பர் உறை மாட்டினார். உள்ளே தோல் ஊறி வெளுத்தது. அதன்பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதோடு சரி. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சும் குறைந்தது. கொஞ்சம் வாயை மூடேன் என்று கல்யாணமான நாளிலிருந்து கெஞ்சியவருக்கு, அவள் மூடியபோது வீட்டில் இருக்கவே முடியவில்லை.

நர்ஸிடம் போய் யோசனை கேட்டார். "பிடி சொரசொரப்பா இருக்கலாம். ஆனா எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு இடம் மட்டும் உறுத்துச்சுன்னா நாம கையை மாத்திப்போம். அவங்களுக்கு உறுத்தறதே தெரியாதே" என்றாள் அவள்.

நேரான பகுதியில் வேலை மளமளவென்று ஓடியது. வளைவில்தான் வினை. வெளிப்பக்கம் வலை விரிந்து கொடுத்தது. விரல்கள் மடங்கிப் பதிகிற உள்பக்கத்தில் கண்கள் ஒன்றையொன்று நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. குழிகள் நெருங்கினால் நடுவில் நிற்கிற மரம் கூராக எழும்பும் என்பது அவருக்குத் தெரியாததா? அங்கே ஒரு கண் விட்டு ஒரு கண் தட்டியிருக்கலாம். ஆனால் வரிசை அறுந்துபோகும். பல் விழுந்த வாய் மாதிரி இளிக்கும். அப்படி ஒரு சாமான் அவர் கையிலிருந்து இதுவரை வெளியே போனதில்லை. ஒரு கண் விடாமல் தட்டினார். வலையை அவிழ்த்து, உப்புத்தாளால் தேய்த்து, மெழுகு பூசினார்.

உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். எங்கேயும் உறுத்தவில்லை. எப்படி உறுத்தும்? முள் ஏறினாலும் தெரியாத அளவுக்குக் காய்த்துப்போன கை. "உங்க கை என் கைக்கு அண்ணன்" என்று மனைவியே கேலி செய்வாள். அதனால் கன்னத்தில் வைத்து உருட்டிப் பார்த்தார். வெளிவளைவு கன்னத்தில் பதிந்தது. உள்வளைவுக்குள் கன்னம் எட்டவில்லை.

மகளைக் கூப்பிட்டுப் பிடித்துப் பார்க்கச் சொன்னார்.

"நல்லா இருக்குப்பா. உள்பக்கம்தான், இந்த விரல்கிட்ட, லேசா குத்துற மாதிரி இருக்கு."

"வழவழன்னு இருந்தா மறுபடியும் விழுவா. பரவாயில்லையா? ஆணி பிடிக்கத் தெரியாதவ எல்லாம் எனக்குச் சொல்ல வந்துட்டா."

"கேட்டீங்க, சொன்னேன்" என்று மகள் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் போனபிறகு மறுபடி உப்புத்தாளை எடுத்தார். இன்னும் தேய்த்தால் அந்த இடத்தில் குழிகள் மங்கும், மற்றதோடு ஒட்டாது. பிடியை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வார்த்தெடுத்த மாதிரி இருந்தது. உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் காலை மனைவி தடியை ஊன்றி எழுந்தாள். துணைக்கு வரட்டுமா என்று கேட்டதற்கு, "வந்தீங்கன்னா நான் போகல" என்றாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தெருமுனைத் தையல்கடைவரை போனாள். அங்கே நின்று பேசினாள். திரும்பும்போது ஓரிடத்தில் கல் தடுக்கியது. தடி நழுவவில்லை, அவள் கை பிடியை இறுக்கிக்கொண்டது. மகள் முதல்முதலாக நடந்தபோதுகூட அவருக்கு இத்தனை சந்தோஷம் வந்ததில்லை.

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் மூச்சு வாங்கக்கூட நேரமில்லாமல் ஆரம்பித்தாள். "தையக்காரன் பேயைப் பாத்த மாதிரி முழிக்கிறான். நான் போய்ச் சேந்துட்டேன்னு நெனச்சானாம். குடுத்த ரவிக்கையை வாங்காம சாக மாட்டேன்டான்னு சொல்லிட்டு வந்தேன்."

தச்சர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே தண்ணீர் டம்ளரை நீட்டினார். அதை வாங்க அவள் பிடியிலிருந்து விரல்களைத் தளர்த்தியபோதுதான் உள்வளைவு அவர் கண்ணில் பட்டது. நேற்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுகூட வரிசை இத்தனை தெளிவாகத் தெரியவில்லை. ஒரு குழி பாக்கியில்லாமல் சிவப்பாக நிரம்பியிருந்தது.

சொன்னாளே, மகள் சொன்னாளே.

"கையைக் காட்டு" என்றார்.

"எதுக்கு? தடியைப் பிடுங்கி இன்னும் இழைக்கப் போறீங்களா? ஒண்ணும் வேண்டாம், இதுவே நல்லா இருக்கு. நாளைக்குப் பள்ளிக்கூடம் வரைக்கும் போறேன்." டம்ளரை மறந்து, பிடியை மறுபடி இறுக்கிக்கொண்டாள்.

தச்சர் அவள்முன் மண்டியிட்டு, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார். அவள் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே இன்னும் கெட்டியாகப் பிடித்தாள். அவள் மடியில் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது, பக்கத்திலேயே இன்னொன்று. அவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தபடி தையற்காரன் முழித்ததை மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.