பதினோரு கையெழுத்து

டிரான்ஸ்ஃபார்மரின் மூன்று ஃப்யூஸ்களையும் லைன்மேன் தன் கையாலேயே பிடுங்கித் தோள்பையில் போட்டுக்கொண்டான். அப்போது மணி பத்து. விடியற்காலைக் காற்றில் கிளை ஒடிந்து விழுந்து தெருக்கோடிக் கம்பிகள் அறுந்து தொங்கின. அறுந்த இடத்துக்கு அப்பால் மூன்றே வீடுகள். இரண்டு பூட்டிக் கிடந்தன, மூன்றாவது அவன் தங்கை வீடு. அந்தத் துண்டுக் கம்பிக்குக் கரன்ட் வர வழியே இல்லை.

பதினொன்றரைக்குக் கிளையை வெட்டி அகற்றிவிட்டு ஏணியைச் சாத்தினார்கள். ஒட்டடை அதைப் பிடித்துக்கொள்ள, லைன்மேன் சங்கிலியோடு ஏறினான். ஒட்டடைக்குச்சி மாதிரி ஆள், பதினெட்டு வருஷக் கூட்டாளி.

"சங்கிலி எதுக்குடா? ஃப்யூஸ் உன் பையில, கம்பி அறுந்து தொங்குது. பேயா வந்து அடிக்கப்போகுது?"

"பேய் அடிச்சா வேப்பிலை அடிச்சுக்கலாம். இது அடிச்சா அதுக்கும் நேரமிருக்காது."

சங்கிலியின் ஒரு முனை மண்ணில் அடித்த இரும்புக் கம்பியில் இருக்கும். மறுமுனையைக் கொக்கிக் கழியால் தூக்கிக் கம்பிகள்மேல் போட வேண்டும். ஏதாவது கரன்ட் மிச்சமிருந்தால் மண்ணுக்குப் போய்விடும். அதற்குப் பிறகுதான் கை. பாதிப் பேர் இதைச் சோம்பலில் விட்டுவிடுவார்கள். லைன்மேன் விட்டதில்லை. கருகிப்போன ஒருவனைக் கம்பத்திலிருந்து இறக்கிய கை அது.

சங்கிலி கம்பியில் பட்டதுதான் தாமதம். படாரென்று நீலமாக ஒரு வெட்டு. ஒட்டடை ஏணியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு ஒரு சத்தமும் இல்லை.

தங்கையின் ஜன்னல் திறந்தது.

"அண்ணே! என்ன பண்ணினே? ஓடிட்டிருந்த ஃபேன் நின்னுபோச்சு!"

லைன்மேன் ஒவ்வொரு படியாக இறங்கினான். விடியற்காலையிலிருந்து செத்துக்கிடக்கும் கம்பி. இவ்வளவு நேரம் ஃபேன் எதில் ஓடியது?

அவனுக்கே தெரியும். தங்கையின் புருஷன் வீடுகளுக்கு சோலார் மாட்டுகிறவன். மாடியில் தகடு, கீழே பேட்டரியும் மெஷினும், மிச்சக் கரன்ட் தெருக்கம்பிக்கு. கம்பி செத்தால் மெஷின் தானாகக் கழன்றுகொள்ள வேண்டும் என்பது சட்டம். கம்பத்தில் இவன் மாதிரி ஒருவன் இருப்பான் என்பதற்காகப் போட்ட சட்டம். மெயினை இறக்கி, மெஷின் கழல்வதைக் கண்ணால் பார்த்து லைன்மேன் கையெழுத்துப் போட்டால்தான் இணைப்பு. அந்தத் தெருவில் அப்படிப் பதினோரு வீடு. முதல் வீட்டில் ஒழுங்காகப் பார்த்தான். மற்ற பத்துக்கும் மாப்பிள்ளையின் ஸ்கூட்டர் சீட்டில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டான். மாப்பிள்ளை வேலையை மச்சான் சந்தேகப்படுவதா?

மாடிப்படிக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்தான். கழற்றிவிடுகிற ரிலேயின் இரு முனையையும் ஒரு சிவப்பு வயர் சேர்த்துக் கட்டியிருந்தது. டேப் சுற்றி, கிளிப் போட்டு, அவ்வளவு நேர்த்தி. மறதியில் நடந்த வேலை இல்லை.

மாப்பிள்ளை மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

"இது என்ன மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்ல மச்சான். மத்தியானம் எல்லா வீட்டு சோலாரும் சேர்ந்து கம்பியில தள்ளுதா, வோல்டேஜ் எகிறிடுது, மெஷின் கழண்டுக்குது. 'வெயில் நேரத்துல தூங்குறதுக்கா மெஷின் வாங்கினோம்'னு ஆளாளுக்குத் திட்டுறாங்க. அதான் கழலாத மாதிரி..."

"ஆளாளுக்குன்னா எத்தனை வீடு?"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தான். "எல்லாம்தான்."

"காலையில போன் பண்ணினேன்ல? உங்க முக்குக் கம்பத்துல ஏறப்போறேன்னு?"

"பண்ணினீங்க."

"அப்புறமும் இதை ஆஃப் பண்ணலை."

"நீங்கதான் சங்கிலி போடாமக் கை வைக்க மாட்டீங்களே மச்சான்! நான் ஆஃப் பண்ணத்தான் போனேன். இவதான் சொன்னா, 'எங்கண்ணன் சங்கிலி போடாமக் கை வைக்காது, பயப்படாதீங்க'ன்னு."

லைன்மேன் தங்கையைப் பார்த்தான். 'பொய்ண்ணே' என்று ஒரு வார்த்தை அவள் சொல்வாள் என்று காத்திருந்தான்.

"வெக்கையா இருந்துச்சுண்ணே," என்றாள். "ஒரு ஃபேன்தானே."

வாசலில் ஒட்டடை காறித் துப்பினான். "நான் ஏறியிருந்தா இந்நேரம் தரையிலதான் கிடப்பேன் தங்கச்சி. நான் சங்கிலி போடுற ஜாதி இல்லை."

லைன்மேன் போனை எடுத்தான். மாப்பிள்ளை அவன் கையைப் பிடித்தான். குரல் தாழ்ந்தது, பாசமாகக்கூட இருந்தது.

"அவசரப்படாதீங்க. பதினொண்ணுலயும் உங்க கையெழுத்து இருக்கு. போனா நான் மட்டும் போகமாட்டேன். இதை யோசிச்சுத்தான் உங்ககிட்டயே கையெழுத்து வாங்கினேன்."

லைன்மேன் அந்தக் கையை உதறவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துவிட்டு ஆபீஸுக்குப் போன் போட்டான்.

"சார், நான் வேலை பார்க்குற தெருவுக்குக் கரன்ட் குடுத்துடாதீங்க. சோலார் போட்ட பதினோரு வீட்டையும் கழட்டணும். ரிலேயைக் கட்டிவச்சிருக்கு... ஆமா சார், டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கு. பத்துல பார்க்காமப் போட்ட கையெழுத்து. நான்தான் போட்டேன். எழுதியே தர்றேன்."

பிறகு ஏணியைத் தங்கை வீட்டுப் பக்கம் திருப்பி வைத்தான். கம்பத்திலிருந்து அவள் வீட்டுக்கு இறங்கும் வயரை வெட்டினான். அது வாசலில் வந்து விழுந்தது. அவள் அதைத் தாண்டி வந்து ஏணிக்கடியில் நின்றாள்.

"எப்பண்ணே திரும்பக் குடுப்பே?"

"ஆபீஸ்ல மனு எழுதிக் குடுங்க," என்றான் லைன்மேன் மேலிருந்தபடியே. "வேற ஆள் வந்து பார்ப்பாங்க."