பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு

என் வாய் பொல்லாத வாய். ஆபீஸ்ல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. கையெழுத்தில்லாம ஃபாரத்தைக் கொண்டாந்து நீட்டுறவன் டாக்டரா இருந்தா என்ன, டீனா இருந்தா என்ன, விட மாட்டேன். அப்படிப்பட்டவ, பேச வேண்டிய ஒரே ஒரு நாள்ல மழுப்பிட்டேன் பாருங்க. அதை நினைச்சா இன்னிக்கும் சோறு இறங்க மாட்டேங்குது.

பினாங்கு ஜார்ஜ்டவுன்ல ஒரு தனியார் பல்கலைக்கழகம். பேரு வேணாம். அங்க ஸ்டெடிஸ்டிக்ஸ் டிபார்ட்மெண்ட்ல இருபத்து மூணு வருஷமா நான் கிளார்க். ஜெயலெட்சுமின்னா யாருக்கும் தெரியாது, ஜெயாக்கான்னாத்தான் தெரியும். மார்ச் மாசம் வந்தா எனக்குன்னு ஒரு வேலை உண்டு. எங்ககிட்ட பிஎச்டி முடிச்ச ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு, இப்ப எங்க வேலை செய்யிறீங்கன்னு கேட்டு, கம்ப்யூட்டர்ல இருக்கிற அஞ்சு பெட்டியில ஒண்ணுல டிக் பண்ணணும். பல்கலைக்கழகம், அரசாங்கம், இண்டஸ்ட்ரி, மற்றவை, தகவல் இல்லை. முதல் மூணும் படிப்புக்கு ஏத்த வேலை. மற்றவைன்னா ஏதோ பொழைப்புக்குக் கிடைச்ச வேலை, அது வேலை கிடைச்சவங்க சதவீதத்துல சேராது. இந்தப் பட்டியல் ஆள் பேரோட அப்படியே வெப்சைட்ல ஏறிடும். எந்த இடத்துல பிஎச்டி சேரலாம்னு பார்க்கிற பிள்ளைங்க முதல்ல அதைத்தான் பார்க்கும்.

தகவல் இல்லைங்கிற பெட்டி என் கையில எப்பவும் காலி. நம்பரை மாத்திட்டு ஓடினவனைக்கூட அவன் அம்மாவுக்குப் போன் போட்டுப் பிடிச்சிருவேன். அதுல எனக்கு அவ்வளவு திமிரு.

ஒரு வருஷம் யுகேந்திரனுக்குப் போட்டேன். நல்ல பையன், நாலரை வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டுப் படிச்சவன்.

"எங்க தம்பி இருக்கே?"

"பிறையிலக்கா. பிளாஸ்டிக் மூடி ஃபேக்டரி."

"அங்க என்னவா?"

பின்னால மிஷின் சத்தம். யாரோ மலாய்ல அவனைக் கத்திக் கூப்பிடுறான். எனக்குப் புரிஞ்சு போச்சு. மூடி ஓடி வர்ற லைன்ல நிக்கிறான்.

"அக்கா, மற்றவைன்னு போட்டுடாதீங்கக்கா. அம்மா அந்தப் பேஜைத் திறந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டும்."

எனக்கு மனசு கேக்கல. "பிறைன்னா இண்டஸ்ட்ரி ஏரியாதானே தம்பி? ஃபேக்டரின்னா இண்டஸ்ட்ரிதானே?"

"ஆமாக்கா," மூச்சு விட்டான் பையன். "இண்டஸ்ட்ரிதான்."

டிக் பண்ணிட்டேன். பொய் சொன்ன மாதிரியே இல்ல. அந்தப் பெட்டிக்கு அர்த்தம் அது இல்லைன்னு எனக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். ஒரு தடவை பண்ணினா கை பழகிடுது லா. மாக் மண்டின் ஊர்ல தன் மாமா வொர்க்‌ஷாப்ல சாமான் எடுத்துக் கொடுக்கிறவனும் இண்டஸ்ட்ரி, வெல்டிங் கடையில போன் எடுக்கிற பொண்ணும் இண்டஸ்ட்ரி. இப்படி நாலு பேரு. பத்து வருஷத்துல படிச்சு முடிச்சது பன்னிரண்டு பேரு, பன்னிரண்டு பேருக்கும் வேலை! எங்க ஹெட் டாக்டர் ரொஸ்னா வாயெல்லாம் பல்லா வந்து, "ஜெயா, இதைப் பெருசாப் போடணும்"னு சொல்லி வெப்சைட்ல முதல் பக்கத்துலயே போட்டுட்டாங்க.

அடுத்த வருஷம் என் அக்கா மக காமினி பிஎச்டிக்கு எழுதிப் போட்டா. ரெண்டு இடத்துல கிடைச்சுது, ஆஸ்திரேலியாவுல ஒண்ணு, எங்க இடம் ஒண்ணு. ரெண்டுலயும் ஸ்காலர்ஷிப். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கெலுகோர்ல அக்கா ஃபிளாட்டுக்குச் சாப்பிடப் போனேன். காமினி சோத்துத் தட்டை ஓரமாத் தள்ளிட்டு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினா.

"சின்னம்மா, இங்க பாருங்க. அங்க முப்பது பேரு முடிச்சிருக்காங்க. இருபத்தொரு பேருக்கு வேலை, நாலு பேரு தேடிக்கிட்டு இருக்காங்க, அஞ்சு பேரு தகவல் இல்லையாம். உங்க இடத்துல பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு!"

"தன்கிட்ட படிச்ச பிள்ளை எங்க இருக்குன்னே தெரியாத இடம் என்ன இடம் லா அது?" இதைச் சொன்னது நான்தான். ரெண்டு பேரும் சிரிச்சோம்.

அப்புறம் அவ சிரிப்பை நிறுத்திட்டுக் கேட்டா. "ஆனா பன்னிரண்டு ரொம்பக் கம்மி சின்னம்மா. ஆள் ஆளாப் பார்த்தாத்தான் நம்பலாம். இந்த இண்டஸ்ட்ரி நாலு பேரு என்ன வேலை செய்யிறாங்க? நீங்கதானே போன் பண்றீங்க."

கெட்டிக்காரி. எங்க கை வைக்கணுமோ அங்க கை வைச்சா.

அடுப்படியில அக்கா இருமிக்கிட்டு இருந்தா. அவளுக்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். காமினிதான் காடியில ஏத்திக்கிட்டுப் போய், நாலு மணி நேரம் உட்கார்ந்து, கூட்டிக்கிட்டு வருவா. இவ ஆஸ்திரேலியா போயிட்டா அது யார் தலையில விழும்? என் தலையிலதான். இதை ஒளிச்சு என்ன ஆகப் போகுது, அந்த நிமிஷம் நான் நினைச்சது அதைத்தான்.

"எல்லாம் பிறை பக்கம் பெரிய பெரிய கம்பெனி லா," அப்படின்னேன். "சாப்பிடு, கறி ஆறுது."

"அப்ப சரி," லேப்டாப்பை மூடிட்டா. "சின்னம்மாவே சொன்னப்புறம் வேற என்ன." அன்னிக்குச் சாயந்திரமே ஆஸ்திரேலியாவுக்கு வேணாம்னு எழுதிட்டா.

எங்க டிபார்ட்மெண்ட்டுக்கே வந்தா. தினமும் காலையில என் மேசைப் பக்கம் தலையை நீட்டி, "பசியாறிட்டீங்களா ஜெயாக்கா?"ன்னு மத்தவங்க மாதிரியே கேட்டு என்னைக் கிண்டல் பண்ணுவா. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமாத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன். மூணாவது வருஷம் அக்கா போயிட்டா. அதுக்கப்புறம் காமினி இங்க இருக்க ஒரு காரணமும் இல்ல, ஆனா பாதியில விட்டுட்டு எங்க போவா?

படிச்சு முடிச்சா. உள்ளங்கை சிவக்கக் கைதட்டினது நான்தான், பட்டமளிப்புல. அப்புறம் ஒண்ணரை வருஷம் வேலைக்கு ஊரெல்லாம் எழுதிப் போட்டா. எங்க இடத்துப் பேரைப் பார்த்துட்டு எவனும் திரும்பிப் பார்க்கல. கடைசியில பிறையில ஒரு ஃபேக்டரியில, லைன்ல ஓடி வர்ற சாமான்ல கோளாறானதைப் பொறுக்கிப் போடுற வேலை. "கொஞ்ச நாளைக்குத்தான் சின்னம்மா"ன்னா. முகத்தைப் பார்க்க முடியல எனக்கு. போகும்போதெல்லாம் சொல்லிடணும்னுதான் போவேன். கொண்டு போன பலகாரத்தைக் கொடுத்துட்டு, உடம்பைப் பார்த்துக்கன்னு சொல்லிட்டு வந்துருவேன். கோழை!

இந்த மார்ச் பட்டியல்ல பதினாறு பேரு. கடைசிப் பேரு அவளோடது. பதினஞ்சு பேருக்கும் போட்டு முடிச்சிட்டு, ரெண்டு நாள் தள்ளிப் போட்டு, அப்புறம்தான் நம்பரை அமுக்கினேன். எடுத்ததும் பின்னால மிஷின் சத்தம்.

"காமினி, சின்னம்மா பேசுறேன். ஆபீஸ் விஷயம்தான். உன்னை எந்தப் பெட்டியில..."

"இங்க என்னோட சூப்பர்வைசர் யாரு தெரியுமா சின்னம்மா?" குரல்ல கோபமே இல்ல. "யுகேந்திரன் அண்ணன். போன வாரம்தான் அவரை எங்க லைனுக்கு மாத்தி விட்டாங்க. நம்ம இடத்துல படிச்சவருன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. மூடி எண்ணிக்கிட்டு இருந்தவராம், இப்பத்தான் மேல வந்திருக்காரு. உங்களைப் பத்தி அவ்வளவு நல்லா சொல்றாரு. ஜெயாக்காவுக்குத் தங்கமான மனசு, நான் கேட்டதும் இண்டஸ்ட்ரின்னு போட்டுக் கொடுத்தாங்கன்னு. கோயிலுக்குப் போனா உங்க பேருக்கும் அர்ச்சனை பண்ணுவாராம்."

"அம்மாவுக்கு அப்ப டயாலிசிஸ்டா... நீ போயிட்டா அவளை யாரு..."

"அம்மாவுக்காக இருன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பேனே சின்னம்மா. பிஎச்டியே வேணாம்னு அம்மாகூட உட்கார்ந்திருப்பேன். நான் உங்ககிட்ட கேட்டது அந்த நாலு பேரைப் பத்தி."

"மன்னிச்சிரும்மா," சொன்னேன். ஏழு வருஷம் கழிச்சு.

"பெட்டி கேட்டீங்கல்ல? தகவல் இல்லைன்னு போடுங்க."

"நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியுமே லா!"

"அந்த நாலு பேரு எங்க இருந்தாங்கன்னும் உங்களுக்குத் தெரியும்." போனை வைச்சிட்டா. மறுபடி போட்டேன், எடுக்கல. இன்னிக்கு வரைக்கும் எடுக்கல. வீட்டுக்குப் போனேன், அந்த ஃபிளாட்டைக் காலி பண்ணிட்டாளாம், எங்கன்னு பக்கத்து வீட்டுக்கும் தெரியல.

அந்த நாலு பேரையும் மற்றவைக்கு மாத்தினேன். யுகேந்திரனுக்கு முதல்லயே போன் போட்டுச் சொன்னேன். சரிக்கான்னு வைச்சிட்டான். அவன் அம்மா என்னைத் திட்டட்டும், நான் வாங்கிக்கிறேன். கடைசியா காமினி பேருக்கு வந்து, அவ சொன்ன பெட்டியிலயே டிக் பண்ணினேன்.

மறுநாள் டாக்டர் ரொஸ்னா பட்டியல் தாளோட வந்து நின்னாங்க. சதவீதம் விழுந்ததைப் பத்தி ஏதோ கேட்பாங்கன்னு பார்த்தேன். அவங்க கண்ணு வேற இடத்துல இருந்துச்சு.

"தகவல் இல்லை, ஒண்ணுன்னு வருதே ஜெயா. உங்க கையிலயே சிக்காத ஆளு யாரு?"

"என் அக்கா மக, டாக்டர்," அப்படின்னேன்.