ஏழாவது படியின் பித்தளை

சிட்லபாக்கத்து ஏரிக்கரைச் சர்ச்சில் பாடகர் மாடத்துக்கு ஏறும் இரும்புப் படிக்கட்டு வெளிப்புறம் இருந்தது. பன்னிரண்டு படிகள். மிதிபடாதபடி ஒவ்வொரு படியின் முகப்பிலும் ஒரு பித்தளைத் தகடு. அந்தப் படியைச் செய்து கொடுத்த வீட்டில் இறந்தவர் பெயர் அதில் வெட்டியிருக்கும். கிறிஸ்துமஸ் நெருங்கினால் தகடுகளைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். துருவின் மேலேயே வெள்ளிப் பெயின்ட் அடிப்பார்கள்.

பியூலாவுக்கு அந்தப் பளபளப்பின் மேல் நம்பிக்கை இல்லை. குரோம்பேட்டையில் முலாம் பூசும் கம்பெனியொன்றின் சோதனை அறையில் ஒன்பது வருஷமாக வேலை. உப்புத் தண்ணீர் தெளித்த இரும்பு எத்தனை நாளில் துருவேறும் என்று பார்த்து எழுதுவதுதான் உத்தியோகம். போன டிசம்பரிலேயே தகடுகளுக்கு அடியிலிருந்து செம்மண் நிறத்தில் நீர் வழிந்த கோடுகளைக் கண்டிருந்தாள். தகடுகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று கணவன் ஜெபசீலனிடம் சொன்னாள். "ஏழாவது படி எங்க அப்பா பேரு. தொடாதே" என்றான். அத்தோடு சரி.

பிறகு ஒரு வருஷம், ஞாயிறுதோறும், மாடத்தில் பாடும் பதினான்கு பிள்ளைகளை முன்னால் ஏறவிட்டுப் பின்னால் ஏறினாள். எதற்குப் பயந்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். படிக்கட்டுக்கு அல்ல. ஜெபசீலன் முகம் சுருங்குமே, அதற்கு. அது தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

இந்தச் சனிக்கிழமை பெயின்டர் குப்புராஜ் டப்பாவைத் திறப்பதற்குள் அவள் ஸ்க்ரூடிரைவரோடு வந்து நின்றாள்.

"முதல்ல தகடெல்லாம் கழட்டணும். துருவைச் சுரண்டி, மறுபடி துரு பிடிக்காம இருக்க ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு. அப்புறம்தான் பெயின்ட்."

சர்ச் செயலாளர் லாசரஸ் சிரித்தார். "ஏம்மா, படிக்கட்டுக்கே டாக்டர் ஆயிட்டியா? நாளைக்குப் பிள்ளைங்க பாடணும்."

"அதுக்குத்தாண்ணா. பித்தளையும் இரும்பும் ஒட்டிக்கினு ஈரத்துல கிடந்தா இரும்புதான் கரையும். பித்தளைக்கு ஒண்ணும் ஆவாது. பேரைச் சுவத்துல மாட்டலாமே?"

"பன்னெண்டு குடும்பத்துக்கு யாரு பதில் சொல்றது?"

"நான்."

ஜெபசீலன் அருகில் வந்து தாழ்ந்த குரலில், "பியூலா, அப்பா பேருடி" என்றான். முகம் சுருங்கியது. ஒரு வருஷம் பயந்த அதே சுருக்கம். பார்த்தாள். ஒன்றும் ஆகிவிடவில்லை.

படிக்கட்டின் பக்கவாட்டில் தரையில் நின்றபடியே கையை நீட்டி, ஏழாவது படியில் 'தாவீது' என்ற தகட்டின் நான்கு ஸ்க்ரூக்களையும் கழற்றினாள். நாலாவதைத் திருகவே வேண்டியிருக்கவில்லை. இரும்போடு பெயர்ந்து வந்தது. தகடு இருந்த இடத்தில் அடை அடையாகத் துரு. கட்டை விரலால் அழுத்தினாள். விரல் அந்தப் பக்கம் போய்விட்டது.

"இன்னாக்கா இது! அப்பளம் மாரி கீது!" என்று குப்புராஜ் பிரஷைக் கீழே வைத்தான்.

ஜெபசீலன் ஓட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் தந்த தகட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

அவள் அடுத்த தகட்டுக்குக் கையை உயர்த்தினாள்.

"லாசரஸ் அண்ணா, எட்டாவது உங்க அம்மா பேரு. நீங்க கழட்டுறீங்களா, நான் கழட்டட்டுமா?"

தடுக்கப் படியேறக் காலைத் தூக்கிய லாசரஸ், எங்கே வைப்பதென்று தெரியாமல் அதை மறுபடி தரையிலேயே வைத்தார்.