பழைய வாடிக்கை

அப்பாவின் சட்டைக்கு மூன்றாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பாவின் உடல்மேல் போர்த்தக் கட்சிக் கொடி வந்துவிட்டது என்று மகளுக்குத் தெரிந்தது.

கொண்டுவந்தவர் தையற்காரர். அப்பாவின் ஜவுளிக்கடைக்கு அடுத்த கடை அவருடையது. கட்சியின் கிளைச் செயலாளரும் அவரே. இருவரும் ஒரே நாளில் கட்சியில் சேர்ந்தவர்கள். கழுத்தை அறுத்தாலும் மாறாத கழுதைகள் என்று அம்மா உயிரோடிருந்தவரை இருவரையும் சேர்த்தே திட்டினாள்.

ஒரு கழுதை மாறிவிட்டது என்பது மகளுக்கு மட்டும்தான் தெரியும். போன தேர்தலில், கண் மங்கிய அப்பாவுக்குத் துணையாக வாக்குச்சாவடிக்குள் போனவள் அவள். அவர் சொன்ன சின்னத்தைக் கேட்டு, வாய் தவறிவிட்டதோ என்று மறுபடி கேட்டாள். கண்தான் போச்சு, நாக்கு நல்லாத்தான் இருக்கு என்றார். குத்தினாள். வெளியே வந்தால் தையற்காரர் நிற்கிறார், போட்டாச்சா என்று கேட்டபடி.

"வழக்கம்போல" என்றார் அப்பா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

விலை ஏறினால் பொறுத்துக்கொள்ளலாம், சரக்கே மட்டமாகிவிட்டால் கடைக்காரன் முகத்துக்காக எத்தனை நாள் வாங்குவது என்று திரும்பும் வழியில் மகளிடம் சொன்னார். சொன்னவருக்கே வெட்கமாக இருந்தது. பழைய வாடிக்கைக்காரர் யாராவது எதிர்க்கடைப் பொட்டலத்தை அக்குளில் மறைத்துக்கொண்டு போனால், சட்டென்று அலமாரிப் பக்கம் திரும்பி, மடித்த துணியையே மறுபடி மடிக்கிற மனிதர் அவர். மனுஷன் கூச்சப்படாமல் போகட்டும், அப்போதுதான் நாளைக்குத் திரும்பி வருவான் என்பார். அன்று பொட்டலம் அவர் அக்குளில்.

வாங்காத சரக்கை இப்போது அவர் தலையில் கட்டுவதா? கொடி வேண்டாமென்று சொல்லிவிட மகள் காலையிலேயே முடிவு செய்திருந்தாள்.

தையற்காரர் கொடியைப் பிரிக்கவில்லை. அதை அக்குளில் இடுக்கியபடி கட்டிலருகே நின்றார். கூடத்தில் இருந்த உறவினர்கள் தன் பேச்சு காதில் விழாத தூரத்தில் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

"உன்கிட்டச் சொன்னா என்னம்மா. எனக்கு இந்தக் கட்சி மேல மனசு விட்டுப்போச்சு. போன தடவை மத்தவனுக்குப் போடலாம்னுதான் உள்ள போனேன். கை வரலை."

"ஏன் மாமா?"

"உங்கப்பன் வந்து கேப்பானே. அவன்கிட்டப் பொய் சொல்லிட்டு அவன் பக்கத்துல எப்படிக் கடை தொறக்குறது? அவனுக்காகத்தான் பழைய இடத்துலயே குத்தினேன்."

மகளுக்கு உண்மை வாய் வரை வந்துவிட்டது. இவர் ஒரு வாக்கை அப்பாவுக்காக வீணாக்கினார். அவரோ இவர் முகம் வாடக்கூடாதென்று ஒரு சொல்லை வீணாக்கினார். கூட்டிக் கழித்தால் இருவருக்கும் நட்டம்.

"மனசு மாறின கையால இதை அவன்மேல போத்தலாமா?" தையற்காரர் கேட்டார். "அவனாவது கடைசிவரைக்கும் நின்னானா, இல்லையா?"

மகள் மீதிப் பொத்தான்களைப் போட்டு முடித்தாள். காலரை நேராக்கினாள்.

"வழக்கம்போலத்தான், மாமா" என்றாள். "போத்துங்க."

முதுகுக்குப் பின்னால் துணி உதறும் சத்தம் கேட்டது. தையற்காரர் மூக்கை உறிஞ்சினார். அவள் அலமாரிப் பக்கம் திரும்பி, மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்து, பிரித்து, மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.