குழிவிழுந்த சக்கரவர்த்தி

கூடையைத் தரையில் கவிழ்த்தான் ஹைலஸ். வெள்ளிக் காசுகள் இன்னும் ஆறவில்லை. விரல் பொசுங்குவதைக்கூடப் பொருட்படுத்தாமல் இரண்டு கையாலும் கிளறினான்.

"எங்கண்ணே போச்சு? இதுலதானே விழுந்துச்சு!"

"கத்தாதடா. வோலூசியஸ் காதுல விழுந்தா கதை முடிஞ்சுது," என்றேன்.

ரோம் நாணயச்சாலையில் எங்களுடையது மூன்றாவது பட்டடை. கீழ் அச்சில் சக்கரவர்த்தியின் தலை. ஹைலஸ் கையில் பிடிக்கும் மேல் அச்சில் சுதந்திரதேவி; விடுதலையான அடிமை அணியும் கம்பளித் தொப்பி அவள் கையில். இரண்டுக்கும் நடுவே சூடான வெள்ளி வில்லை. நான் சம்மட்டியால் ஒரே போடு. தெனாரியக் காசு தயார்.

சில சமயம் அடித்த காசு மேல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். கவனிக்காமல் அடுத்த வில்லையை அடித்தால் அதில் தேவி வரமாட்டாள். ஒரு பக்கம் சக்கரவர்த்தி. மறுபக்கமும், ஒட்டிய காசு அழுத்துவதால், அதே முகம், ஆனால் கண்ணும் மூக்கும் உள்வாங்கி, பிணத்தின் முகம் மாதிரி.

அப்படி ஒன்றுதான் அந்தக் குவியலில் கிடந்தது. உயிரோடிருக்கும் சக்கரவர்த்தியின் முகத்தைக் குழியாக்கினால் ராஜத்துரோகம். அச்சுப் பிடித்தவன் அடிமையாக இருந்தால், சிலுவை.

ஹைலஸுக்கு நாளை மறுநாள் விடுதலை. சக்கரவர்த்தியின் பிறந்தநாளுக்கு ஓர் அடிமையை விடுவிப்பது எங்கள் நாணயச்சாலையின் வழக்கம். இந்த வருஷம் அவன். அடிமையாக இங்கே எனக்கு ஆறு வருஷம் பின்னால் வந்தவன்.

"தொப்பி போட்டதும் முதல்ல என்னடா பண்ணுவ?" என்று சற்றுமுன் கேட்டேன்.

"உங்க சம்மட்டிச் சத்தம் கேக்காத இடமாப் பாத்துத் தூங்குவேண்ணே!" என் பக்கம் திரும்பிச் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் மேல் அச்சைப் பார்க்காமல் கோட்டைவிட்டான்.

"என்னடா, கோழி மாதிரி தரையக் கிளறிட்டிருக்க?"

வாசலில் மேற்பார்வையாளன் வோலூசியஸ்.

"கூடை சாஞ்சிடுச்சு எஜமான்."

"விடுதலை வருதுன்னதும் கை நிக்க மாட்டேங்குதோ?" குனிந்து ஒரு பிடி அள்ளினான். ஒவ்வொன்றாகப் புரட்டினான். நான்காவது காசில் அவன் கட்டைவிரல் நின்றது.

"அச்சுப் பிடிச்சது யாரு?"

நான் சம்மட்டியைத் தரையில் சாய்த்து வைத்தேன்.

"நான்தான் எஜமான்," என்றான் ஹைலஸ். "அண்ணன் மேல தப்பே இல்ல. மேல் அச்சோட அடிப்பக்கம் அடிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாது."

காவலர்கள் இழுத்துப் போகும்போதும் என்னைப் பார்த்துத் தலையசைத்தான், பயப்படாதீங்க என்பதுபோல.

அவன் சொன்னது சரிதான். மேல் அச்சின் அடிப்பக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் கீழ் அச்சு தெரியும். கூடையும் தெரியும். அந்தக் குழிக்காசுக்கு முந்தைய அடிக்குப் பின் கீழ் அச்சு காலியாக இருந்தது. கூடையிலும் காசு விழவில்லை. அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

தெரிந்துதான் அவனைச் சிரிக்கவைத்தேன். தெரிந்துதான் சம்மட்டியை ஓங்கினேன்.